டெய்சி அக்காவின் லேப்டாப் கச்சேரி

டெய்சி அக்காவைக் காலையில் பார்க்க வேண்டுமென்றால் நாகல்நகரில் இருக்கும் அவருடைய தட்டச்சுப் பயிலகத்துக்குத்தான் போக வேண்டும். மாடியில் தகரக் கூரை போட்ட நீளமான அறை. லோயர் தேர்வுக்கும் ஹையர் தேர்வுக்கும் தயாராகிற பிள்ளைகள் மிஷின்களைப் படபடவென்று தட்டிக்கொண்டிருப்பார்கள். அக்கா ஜன்னலோரமாக நின்று வெளியே பார்த்தபடியே, "கடைசி மிஷின்ல யாருப்பா, மோதிர விரலை முழுசா அமுக்கலையே" என்பார். அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளை திடுக்கிட்டு விரலைச் சரிசெய்யும். சத்தத்தை வைத்தே விரலைக் கண்டுபிடிக்கிற காது அது.

மாலையில் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் மேடைக்கு வர வேண்டும். குடகனாறு இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பவர் அவர்தான். நான் டோலக். இளஞ்செழியன் என்பது என் பெயர். அக்காவுக்கு நான் செழியன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, மாதா கோயில் தேர் என்று எங்கே கூப்பிட்டாலும் அவருக்கு இடப்பக்கம்தான் உட்காருவேன். அவருடைய இடது கை தாளத்தை எங்கே தூக்குகிறது, எங்கே வைக்கிறது என்பது எனக்குப் பாடம்.

மெல்லிசைக் குழுக்களில் பாடுகிறவர்களுக்குத்தான் பெயர். மைக்கில் அவர்கள் பெயரைச் சொல்வார்கள், மாலை போடுவார்கள். கீபோர்டுக்காரரை எவரும் கவனிப்பதில்லை. ஆனால் ஒரு பாட்டு தொடங்கியதும் சனம் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்க்கிறதே, அந்த முதல் சத்தம் அக்காவின் விரலிலிருந்து வருவது.

அவரிடம் ஒரு கறுப்பு கீபோர்டு இருந்தது. கல்யாணமான புதிதில் பழையதாக வாங்கியது. ஊர் ஊராகத் தூசியும் வெயிலும் தின்றதில் நடுவில் ஒரு கட்டை ஊமையாகிவிட்டது. அக்கா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதியை நகர்த்தி, அந்த ஊமைக் கட்டை தேவைப்படாத இடத்தில் விழும்படி வைத்துக்கொண்டு வாசிப்பார். கேட்பவர்களுக்குத் தெரியாது. பக்கத்தில் இருக்கும் எனக்கே பல நாள் தெரியவில்லை.

ஒரு வரவேற்பில் அந்தக் கீபோர்டிலிருந்து புகை வந்தது. பழுது பார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே பலகையே கருகிவிட்டது, உதிரிப் பாகம் கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார்.

இனி புதிதாக எதை வாங்குவது என்ற பேச்சு அப்போதுதான் தொடங்கியது. வழக்கம்போல ஒரு கீபோர்டையே வாங்கலாம். அல்லது லேப்டாப்பில் மென்பொருள் போட்டுக்கொண்டு, சொந்தமாகச் சத்தமில்லாத, கட்டைகள் மட்டும் உள்ள ஒரு பலகையை அதனோடு வயரில் இணைத்து வாசிக்கலாம். விரல் பலகையில் விழும். சத்தத்தை உண்டாக்குவது லேப்டாப்.

குழுவை நடத்துகிறவர் பழனிக்குமார் அண்ணன். ஒட்டன்சத்திரத்துக்காரர், நல்ல பாடகர். அவருக்கு இதில் சந்தேகமே இல்லை.

"ஏனுங்க டெய்சி, கீபோர்டுன்னா சுவிட்சைப் போட்டதும் பாடோணுங்க. லேப்டாப்பு ஆபீசுல கணக்குப் பார்க்கறதுக்குங்க."

ரொனால்டும் அதையேதான் சொன்னார். அவர் ஊரிலேயே பெரிய குழுவில் கீபோர்டு வாசிப்பவர். அக்காவும் அவரும் சின்ன வயதில் மாதா கோயில் பாடகர் குழுவில் ஒன்றாக ஆர்மோனியம் பழகியவர்கள். "வீட்டுல உக்காந்து வாசிக்க லேப்டாப் சரி. மேடைக்கு இரும்பு மாதிரி ஒண்ணு வேணும் டெய்சி. பாதிப் பாட்டுல அது படுத்துச்சுன்னா நீ என்ன பண்ணுவ?"

அக்கா எல்லோரும் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பிறகு லேப்டாப்பையே வாங்கினார்.

காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னார். ஒரு ஒலிப்பதிவு அறையில் யாரோ மென்பொருள் நாதஸ்வரத்தை வாசிக்கக் கொடுத்திருக்கிறார்கள். "நம்ம பழைய பொட்டியில நாதஸ்வரம்னு அமுக்குனா பஸ் ஹாரன்தான் கேக்கும். இதுல அமுக்குறேன், என் விரலுக்குக் கீழ ஒரு ஆளு மூச்சு விடுற மாதிரி இருக்கு செழியா. அதக் கேட்டப்புறம் எப்படிப்பா திரும்பிப் போறது?"

தொடக்கத்தில் ஒரு தொல்லை இருந்தது. கட்டையை அழுத்துவதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவே கண்ணிமைக்கும் நேரத்தில் பாதி அளவுக்கு ஒரு தாமதம். வேறு யாருக்கும் அது தெரியாது. காலமெல்லாம் தட்டச்சு மிஷினோடு பழகிய விரலுக்கு அது பல்லில் மாட்டிய நார் மாதிரி இருந்தது. அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்து, விரலும் சத்தமும் ஒட்டிக்கொள்ளும்வரை அக்கா விடவில்லை.

முதல் கச்சேரி சாணார்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில், பங்குனி மாதத்து மாரியம்மன் திருவிழா. மேடை மேற்குப் பார்த்திருந்தது. சாயங்கால வெயில் நேராக லேப்டாப் மேல் விழுந்தது. முதல் பாட்டிலேயே சனம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பழனிக்குமார் அண்ணனும் பாடிக்கொண்டே திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அக்கா முகத்தில் அன்றைக்கு இருந்த வெளிச்சத்தை அதுவரை நான் பார்த்ததில்லை.

அடுத்து மலர்விழி பாட வந்தாள். எங்கள் குழுவின் பாடகி. சரணத்தின் நடுவில், காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்தது போல ஸ்பீக்கர் பொரிந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. என் டோலக்கும் மலர்விழியின் குரலும் மட்டும் அம்மணமாக நின்றன. லேப்டாப் திரை உறைந்துபோயிருந்தது. அக்கா அதை அணைத்துத் திரும்பப் போட்டார். அதுவோ ஏதோ புதுப்பித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லி ஒரு வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

கூட்டத்தில் விசில் கிளம்பியது. "ஏலே, அந்தக்கா டைப் அடிக்கிற மிஷினை மாத்திக் கொண்டாந்துருச்சுடா" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

பழனிக்குமார் அண்ணன் அனுபவசாலி. என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டிவிட்டு, டோலக்கை மட்டும் வைத்துக்கொண்டு கும்மிப் பாட்டுகளாகப் பாடிக் கச்சேரியைக் கரை சேர்த்தார். திரும்பும்போது வேனில் அக்கா லேப்டாப்பை மடியில் வைத்து, உடம்பு சரியில்லாத குழந்தையைத் தொட்டுப் பார்ப்பது போல அதன் அடியில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். அது இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அண்ணன் கோபப்படாமல்தான் சொன்னார். "உங்க கை மேல குறையில்லீங்க. ஆனா அடுத்த புரோகிராமுக்கு வாடகைக் கீபோர்டு எடுத்துக்கலாமுங்க." அக்கா சரி என்றார்.

வாடகைக் கீபோர்டு சொன்னபடி கேட்டது. சுவிட்சைப் போட்டதும் பாடியது. ஊமைக் கட்டையும் கிடையாது. எல்லோரும் நிம்மதியாக இருந்தோம், அக்காவைத் தவிர. அவர் ஒரு குறையும் இல்லாமல் வாசித்தார், ஆனால் ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் தன் விரல்களை ஒரு தடவை ஆசையாகப் பார்த்துக்கொள்கிற அவருடைய பழைய வழக்கம் நின்றுபோயிருந்தது.

அகரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டர் உறுமியது, விளக்கு வந்தது, மைக் வந்தது. கீபோர்டு மட்டும் அப்போதுதான் கண்ணைத் திறந்து, சாவகாசமாக விழித்துக்கொண்டிருந்தது. அக்கா அந்தப் பாட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த சத்தங்கள் எல்லாம் போய், வெறும் பியானோவில் வந்து நின்றது. அவர் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து வைப்பதற்குள் பாட்டே முடிந்துவிட்டது. யாரும் அக்காவைக் குறை சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார், "கரண்டுக்காரன் கெடுத்துட்டான்" என்று பேசிக்கொண்டார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் அக்கா இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"செழியா, அதுவும் பாதிப் பாட்டுல படுத்துச்சு. இதுவும் பாதிப் பாட்டுல படுத்துச்சு. அது படுத்தப்ப என்னையத் திட்டுனாங்க. இது படுத்தா கரண்டைத் திட்டுறாங்க. வித்தியாசம் அம்புட்டுத்தான்."

"அதுக்கென்னக்கா இப்ப?"

"கரண்டு போனா லேப்டாப் சாகாதுல்ல. அதுக்குள்ளயே பேட்டரி இருக்கு. அது சூட்டுலதான் செத்துச்சு. எதுல சாகுதுன்னு தெரிஞ்சா, சாகாம வைக்கவும் தெரியணும்ல."

மறுநாளிலிருந்து வேலை தொடங்கிற்று. அக்காவின் வீட்டுக்காரர் அருளப்பன் அண்ணன் நிலக்கோட்டை மார்க்கெட்டிலிருந்து மல்லிகைப் பூவை வேனில் ஏற்றிக்கொண்டு போகிறவர். விடியுமுன் வண்டியை எடுத்தால் மதியம் வீடு திரும்புவார். ஒரு நாள் அவர் பயிலகத்துக்கு வந்து பார்க்கும்போது அக்கா தகரக் கூரைக்கு நேர் கீழே, கத்திரி வெயிலில், மின்விசிறியையும் அணைத்துவிட்டு வாசித்துக்கொண்டிருந்தாராம்.

"என்ன டெய்சி, வேண்டுதலா?" என்று கேட்டிருக்கிறார்.

"இந்தச் சூட்டுல தாக்குப்பிடிச்சு நின்னுச்சுன்னா எந்த மேடையிலயும் நிக்கும்" என்றாராம் அக்கா.

நிற்கவில்லை. மறுபடியும் உறைந்தது. அக்கா விடவில்லை. லேப்டாப்பில் வாசிப்புக்குத் தேவையில்லாத எல்லாவற்றையும் அழித்தார். மேடையில் இணையம் அதன் கண்ணிலேயே படக்கூடாது என்று முடிவு செய்தார். ஒவ்வொரு பாட்டுக்கும் வேண்டிய சத்தங்களைக் கச்சேரி வரிசைப்படி முன்னாலேயே ஏற்றி வைத்துக்கொண்டார். கிறிஸ்துமஸ் கேக்கை ஆற வைக்கிற கம்பித் தட்டைச் சமையலறையிலிருந்து எடுத்து வந்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்து, அடியில் ஒரு குட்டி மின்விசிறியைச் சுழல விட்டார். சாணார்பட்டியில் வயரும் ஆடியிருக்கிறது என்று சந்தேகம். "பூவை எதுல கட்டுறோமோ, இதையும் அதுலயே கட்டிரலாம்" என்று அருளப்பன் அண்ணன் நனைத்த வாழைநாரைக் கொண்டு வந்து வயர்களைத் தட்டோடு சேர்த்துக் கட்டினார். காய்ந்ததும் அது இரும்புக் கம்பி மாதிரி இறுகிக்கொண்டது.

இதற்குள் தட்டச்சுப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டுகளெல்லாம் மனப்பாடம். ஒரு மத்தியானம் அக்கா கச்சேரி வரிசையை முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் வாசித்து முடித்தார். லேப்டாப் மூச்சுக்கூட முட்டவில்லை. மறுநாளும் முட்டவில்லை. அந்த வாரம் முழுக்க முட்டவில்லை. அடுப்பு எரியும்போது பக்கத்தில் வைத்து வாசித்தார். ஓடுகிற பூ வேனுக்குப் பின்னால் உட்கார்ந்து, குலுங்கக் குலுங்க வாசித்தார். அதற்கும் அது அசையவில்லை.

அப்போதுதான் நிலக்கோட்டைப் பூ வியாபாரிகள் விழாவுக்கு அழைப்பு வந்தது. சாதாரணக் கச்சேரி இல்லை, போட்டிக் கச்சேரி. மைதானத்தில் எதிரெதிராக இரண்டு மேடை. ஒன்றில் நாங்கள். மற்றதில் ரொனால்டு வாசிக்கிற அந்தப் பெரிய குழு. நடுவில் சனம்.

பழனிக்குமார் அண்ணன் வாடகைக் கீபோர்டுக்குச் சொல்லி வைப்பதாக இருந்தார். அக்கா அவர் வீட்டுக்கே போனார். நானும் கூடப் போனேன்.

"அண்ணே, நான் லேப்டாப்போடதான் வாரேன். அது உங்களுக்குச் சரிப்படலைன்னா இந்த ஒரு கச்சேரிக்கு வேற ஆளை வச்சுக்கங்க. எனக்கு வருத்தமில்ல."

அண்ணன் அக்காவின் பக்கம் திரும்பினார். "சாணார்பட்டியில நடந்த மாதிரி அங்க நடந்தா, அதுக்கப்புறம் நம்ம குழுவை ஒருத்தரும் கூப்பிட மாட்டாங்க. தெரியுமுங்களா?"

"தெரியும்ணே. தெரிஞ்சுதான் சொல்றேன்."

அண்ணன் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "சரிங்க" என்றார்.

விழா அன்று பொழுது சாயும் நேரத்துக்கே மைதானம் நிறைந்துவிட்டது. மார்க்கெட் பக்கத்திலிருந்து மல்லிகை வாசம் காற்றோடு வந்து கொண்டிருந்தது. எதிர் மேடையில் ரொனால்டுக்கு முன்னால் இரண்டு பெரிய கீபோர்டுகள் அடுக்கியிருந்தன. பார்க்கவே கம்பீரமாக இருந்தது. எங்கள் மேடையில் ஒரு மெலிந்த பலகை, கம்பித் தட்டின்மேல் ஒரு லேப்டாப். வணக்கம் சொல்ல வந்த ரொனால்டு அதைப் பார்த்துவிட்டு, "தைரியந்தான் டெய்சி உனக்கு" என்றார். கேலியாக இல்லை, கவலையாகவே சொன்னார்.

அவர்கள் ஒரு பாட்டு, நாங்கள் ஒரு பாட்டு என்று மாறி மாறி நடந்தது. அவர்கள் அபாரமாக வாசித்தார்கள். இரண்டு மூன்று சுற்று கைதட்டல் அவர்கள் பக்கமே சாய்ந்திருந்தது. பிறகு ஒரு அம்மன் பாட்டை எடுத்தோம். அதன் முன்னிசையில் அக்காவின் நாதஸ்வரம் கிளம்பியதும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள், நாதஸ்வரக்காரர் எங்கே நிற்கிறார் என்று மேடையைத் தேடினார்கள். இல்லாத ஆளைத் தேடிக் கண்கள் கடைசியில் டெய்சி அக்காவின் விரலில் வந்து நின்றன. கைதட்டல் எங்கள் பக்கம் திரும்பியது.

கடைசிச் சுற்று, இரண்டு குழுவும் சேர்ந்து ஒரே பாட்டு. பல்லவி அந்த மேடை, அனுபல்லவி இந்த மேடை, சரணத்தில் ஆளுக்கொரு அடி. சரணத்துக்கு முன்னால் வரும் நாதஸ்வரத்தை ரொனால்டு வாசிப்பதாகப் பேச்சு.

பல்லவி முடிந்து நாங்கள் அனுபல்லவிக்குள் போகும்போது காற்று எழுந்தது. அலங்காரத் துணி படபடத்தது. கரண்ட் போய் மைதானம் மொத்தமும் இருண்டது.

இருட்டில் அக்காவின் குரல் பக்கத்தில் கேட்டது. "தாளத்தை விட்ராத செழியா."

நான் விடவில்லை. எதிர் மேடையிலிருந்து அவர்களுடைய தபேலாவும் என்னோடு சேர்ந்துகொண்டது. சனம் கைதட்டித் தாளம் போடத் தொடங்கியது. அந்த இருட்டில் லேப்டாப் திரை மட்டும் சின்ன ஜன்னல் மாதிரி எரிந்தது. அக்காவின் விரல்கள் சத்தமே வராத கட்டைகளில் பாட்டைத் தொடர்ந்து வாசித்துக்கொண்டிருந்தன. அதை நான் பார்த்தேன்.

ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு எரிந்த அதே நொடியில் எங்கள் ஸ்பீக்கரிலிருந்து, தாளத்தின் மேலேயே, சரியான இடத்தில், பாட்டு வந்து விழுந்தது. அறுந்ததே தெரியாமல் விழுந்தது. பழனிக்குமார் அண்ணனும் மலர்விழியும் அனுபல்லவியை அங்கிருந்தே எடுத்தார்கள். மைதானம் ஆரவாரத்தில் அதிர்ந்தது.

எதிர் மேடையில் ரொனால்டு கீபோர்டுகளைப் பார்த்தபடி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவை இரண்டும் விழித்துக்கொண்டுதான் இருந்தன, இன்னும் எழுந்திருக்கவில்லை. யூபிஎஸ்ஸை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டதாகப் பிறகு சொன்னார். அடுத்து அவர் வாசிக்க வேண்டிய நாதஸ்வரம். அதன் பின்னால் அவர்களுடைய பாடகர் சரணத்தைத் தொடங்க வேண்டும். இசை வராமல் அவர் எதைப் பிடித்துக்கொண்டு பாடுவார்? போட்டி என்று பார்த்தால், அவர்களை அப்படியே நிற்க விட்டிருக்கலாம்.

அக்கா ரொனால்டைப் பார்த்தார். "நான் எடுக்கவா?" என்பதுபோலத் தலையை அசைத்தார். ரொனால்டு இரண்டு கையையும் கூப்பினார்.

அக்கா நாதஸ்வரத்தை எடுத்தார். காற்றோடு மேலே ஏறி, ஒரு சுழி சுழித்து, எதிர் மேடைப் பாடகரின் காலடியில் கொண்டுபோய்ச் சுருதியை வைத்தார். அவர் கண்ணை மூடிக்கொண்டு சரணத்தைத் தொடங்கினார். பாட்டு அந்த மேடையில், நாதஸ்வரம் இந்த மேடையில். நடுவில் இருந்த சனம் இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கடைசியில் எழுந்தே நின்றுவிட்டது. ஒரு கட்டத்தில் ரொனால்டின் கீபோர்டும் எழுந்தது. அவர் நாதஸ்வரத்தைத் திரும்பக் கேட்கவில்லை. வயலின் கூட்டத்தை அடியில் மெதுவாகப் பரப்பி, அக்காவை அதன்மேல் நடக்க விட்டார். இரண்டு மேடையும் ஒரே மேடையாகிப் பாட்டு முடிந்தது.

எந்தக் குழுவுக்குப் பரிசு என்று அறிவிக்க மைக்கை வாங்கிய வியாபாரிகள் சங்கத் தலைவர் ஈஸ்வரன், "இதுக்கு நான் என்ன தீர்ப்புச் சொல்றது?" என்று சிரித்துவிட்டு, ஆள் உயர மல்லிகை மாலையை எங்கள் மேடைக்குக் கொடுத்து அனுப்பினார். வழக்கம்போல அது பழனிக்குமார் அண்ணன் கழுத்துக்கு வந்தது. அண்ணன் கழுத்தை நீட்டவில்லை. மாலையைக் கையில் வாங்கி, பின்னால் வந்து, டெய்சி அக்காவுக்குப் போட்டார்.

பிறகு மைக்கைப் பிடித்தார். "நம்ம குழுவுல கீபோர்டு, சூசைமுத்து மகள் டெய்சிங்க" என்றார். இத்தனை வருடத்தில் ஒரு மேடையில் அந்தப் பெயர் ஒலிபெருக்கியில் கேட்டது அதுதான் முதல் தடவை.

வேனோரமாக நின்றிருந்த அருளப்பன் அண்ணன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொனால்டு தன் மேடையை விட்டு இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்கள் மேடைக்கே வந்துவிட்டார். "டெய்சி, நாளைக்குப் பயிலகத்துக்கு வாரேன். இதெல்லாம் எப்படிச் செட் பண்ணுனன்னு எனக்குச் சொல்லித் தரணும்" என்றார்.

"காலையில பிள்ளைகளுக்கு வகுப்பு. மத்தியானம் வா" என்றார் அக்கா. "வாரப்ப யூபிஎஸ்ஸையும் கொண்டா. உன் இரும்புப் பொட்டி நல்ல பொட்டிதான், அதையும் சாகாம வைக்கணும்ல."

"கீபோர்டு அக்கா, இன்னொண்ணு" என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது. பிறகு பத்துக் குரல். பிறகு மைதானம் முழுவதும். லேசாகத் தூறல் விழுந்தது, ஒருவரும் நகரவில்லை. பாடகர்கள் மேடையிலிருந்து இறங்கிக்கொண்டார்கள். அக்கா மாலையைக் கழற்றி என் டோலக்கின் மேல் வைக்கப் போனவர், வேண்டாம் என்று நினைத்ததுபோலக் கழுத்திலேயே விட்டுவிட்டார்.

"என்ன தாளம்க்கா?" என்றேன்.

"நீ ஒண்ணும் பிடிக்காத. செத்த நேரம் நான் மட்டும் வாசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் கட்டைகளில் கையை வைத்தார்.